மூன்றாவது ஆள்

2024 மார்ச் மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் உள்ள மகள் வீட்டிற்குப் போயிருந்தோம். மகள் குடும்பம் இருப்பது கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் என்ற ஊரில். மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊரில் கார்த் தொழிற்சாலையில் வேலை. நியூயார்க், சிகாகோ, நயாகரா பற்றியெல்லாம் நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். லெக்சிங்டனைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பதில்தான். ஒன்று, குதிரை. ஊரைச் சுற்றிப் பல மைல்களுக்குப் பச்சைப் புல்வெளியும் மரவேலியும் உள்ளே பந்தயக் குதிரைகளும். இரண்டாவது, கூடைப்பந்து.

கூடைப்பந்து என்றால் ஏதோ சம்பளத்திற்கு ஆடும் பெரிய கிளப் அணி என்று நினைக்காதீர்கள். அந்த மாநிலத்தில் அப்படி அணியே கிடையாது. இருப்பது கென்டக்கி பல்கலைக்கழக மாணவர் அணி. அதுதான் ஊருக்கே அணி, மாநிலத்துக்கே அணி. தேசியச் சாம்பியன் பட்டத்தை 8 முறை வென்றிருக்கிறார்கள். அவர்கள் நிறம் நீலம். ஏர்போர்ட்டில் இறங்கியதிலிருந்து எங்கே பார்த்தாலும் நீலச் சட்டை, நீலத் தொப்பி. எங்கள் பேரன் படிக்கும் மூன்றாம் வகுப்பில் ஆட்டம் நடக்கும் நாளில் டீச்சரே நீலச் சட்டையில்தான் வருவாராம்.

எனக்கும் கூடைப்பந்துக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. நான் வேலை பார்த்த பள்ளியில் மண் தரையில் இரண்டு கம்பம் நட்டு ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சென்னை ஒய்எம்சிஏ கல்லூரியில் படித்தவர். ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி அது. பக் படித்தது ஸ்பிரிங்ஃபீல்டில். அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான் 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். நெய்ஸ்மித் பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குப் போனார். அங்கே மாணவராக ஆடிய அடால்ஃப் ரப் என்பவர் 1930இல் கென்டக்கிக்குப் பயிற்சியாளராக வந்து 42 ஆண்டுகள் இருந்தார். நான்கு முறை சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரில்தான் ஊர் நடுவே 20,000 பேர் உட்காரும் ரப் அரீனா இருக்கிறது. ஆக, எங்கள் பள்ளியின் மண் திடலும் ரப் அரீனாவும் ஒரே மரத்தின் கிளைகள் என்று பேரனிடம் சொல்லிக்கொண்டேன். அவன் நம்பவில்லை.

மகள் வீட்டிற்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கென்டக்கியின் கிழக்குப் பக்க மலைகளில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, மகன் இருக்கும் ஊர் என்று லெக்சிங்டன் வந்துவிட்டார். நான் தலைமை ஆசிரியராக இருந்தவன் என்று மகள் சொல்லியிருந்ததால் அவர் என்னை 'பிரின்சிபல்' என்றே கூப்பிடுவார். நான் பழக்க தோஷத்தில் அவரை 'சார்' என்பேன். சுரங்கத்தில் தன்னை யாரும் சார் என்று கூப்பிட்டதே இல்லை என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

வாரத்தில் நான்கு நாள் காலையில் அவர் ஒரு சிற்றுண்டிக் கடைக்குப் போவார். அவரைப் போன்ற ஐந்தாறு கிழவர்கள் அங்கே ஒரே மேஜையில் கூடுவார்கள். ஒருவர் தபால்காரராக இருந்தவர், ஒருவர் புகையிலை விவசாயி, ஒருவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஒரு காபி வாங்கினால் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் இரண்டு மணி நேரம் பேச்சு ஓடும். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நம் ஊர் டீக்கடை பெஞ்சுதான். ஆட்கள் மட்டும் வேறு.

நாங்கள் போய் இறங்கிய வாரத்திலேயே ஊரில் இழவு விழுந்தது போல ஆகிவிட்டது. ஒவ்வொரு மார்ச் மாதமும் 68 கல்லூரி அணிகள் ஆடும் தேசியப் போட்டி நடக்கும். தோற்றால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மார்ச் 21ஆம் தேதி முதல் சுற்றிலேயே ஓக்லாந்து என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் 80-76 என்று கென்டக்கி தோற்றுவிட்டது. அந்த அணியில் ஜாக் கோல்கி என்ற பையன் மட்டும் பத்து முறை தூரத்திலிருந்து பந்தைப் போட்டு மூன்று மூன்று புள்ளியாக எடுத்தான். மொத்தம் 32 புள்ளி. இரண்டு ஆண்டுக்கு முன்பும் இதே போல ஒரு சின்ன அணியிடம் முதல் சுற்றில் தோற்றிருந்தார்கள்.

பயிற்சியாளர் ஜான் கலிப்பாரி. 2009இல் வந்தவர். 2012இல் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். ஆண்டுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். அவரைத் துரத்த வேண்டும் என்று மேஜையில் பாதிப்பேர் சொன்னார்கள். துரத்தினால் ஒப்பந்தப்படி 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று தபால்காரர் கணக்குச் சொன்னார். அதைக் கேட்டு எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அவர் தொடர்ந்து இருப்பார் என்று பல்கலைக்கழகமும் அறிவித்துவிட்டது.

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு செய்தி வந்தது. கலிப்பாரி தானாகவே ஆர்கன்சா பல்கலைக்கழகத்திற்குப் போகிறார். மாப்பிள்ளை ஓடி வந்து, "மாமா, உங்க கடைக்கு நாளைக்குச் சீக்கிரம் போங்க, இடம் கிடைக்காது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மறுநாள் காலையில் அந்தக் கடையில் நிற்க இடமில்லை. போ போ என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, அவர் நிஜமாகவே போகிறார் என்றதும் கோபம் வந்துவிட்டது. "நாம் அனுப்பியிருக்க வேண்டும், அவராகப் போகக் கூடாது" என்றார் முடிதிருத்துபவர். இந்த மனநிலை எனக்குப் புரிந்தது. நம் வீட்டுச் சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்தால் வரும் கோபம் அது.

பிறகு அடுத்தது யார் என்ற பேச்சு ஆரம்பித்தது. நாலு நாள் அந்த ஊரில் வேறு பேச்சே இல்லை. எங்கள் மேஜையில் ஓடிய பட்டியலைச் சொல்கிறேன். ஜாதகக் கட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு வரன் பார்ப்பது போலத்தான் இருந்தது.

முதல் பெயர் டேன் ஹர்லி. கனெக்டிகட் அணியின் பயிற்சியாளர். முந்தைய ஆண்டு சாம்பியன். அன்றிரவு மறுபடியும் இறுதிப் போட்டி. "ஜெயித்து முடித்ததும் கேட்டுப் பார்க்கலாம்" என்றார் தபால்காரர். "ஜெயித்தவன் எதற்கு இடம் மாறுவான்?" என்றார் விவசாயி.

அடுத்தது ஸ்காட் ட்ரூ. டெக்சாஸில் பேலர் பல்கலைக்கழகம். 2003இல் அவர் போனபோது அந்த அணி பெரிய அவக்கேட்டில் சிதைந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தி 2021இல் சாம்பியன் ஆக்கினார். பொறுமைசாலி, நல்ல மனிதர் என்பதில் மேஜையில் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்றாவது பில்லி டோனவன். சிகாகோவில் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளர். இளம் வயதில் கென்டக்கியில் உதவியாளராக இருந்தவர். பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திற்கு 2006, 2007 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கித் தந்தார். ஆனால் 2007இல் இங்கே இடம் காலியானபோதே அவர் வரவில்லை. "ஒரு முறை வேண்டாம் என்ற வீட்டில் மறுபடி பெண் கேட்பதா?" என்று ஒருவர் கேட்டார். வார்த்தை வேறு, பொருள் இதுதான்.

நான்காவது நேட் ஓட்ஸ். அலபாமா அணியை அந்த ஆண்டுதான் முதல் முறையாகக் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டு வந்தவர். அவர் பெரிய கல்லூரிகளுக்கு வருவதற்கு முன் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்று கேள்விப்பட்டதும் நான் வாயைத் திறந்தேன். "இவர்தான் சரியான ஆள்" என்றேன். "ஏன்?" என்றார்கள். "நானும் கணக்கு வாத்தியார்" என்றேன். மேஜையே சிரித்தது. அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் நான் ஓட்ஸ் கட்சி.

அன்று மதியம் சூரிய கிரகணம். லெக்சிங்டனில் முழுவதும் மறையவில்லை என்றாலும் ஏறக்குறைய மறைந்து, பட்டப்பகல் மங்கிப் போனது. என் மனைவி கிரகணம் விட்டுக் குளிக்கும் வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அட்டைக் கண்ணாடியோடு வாசலில் நின்று, "பிரின்சிபல், கலிப்பாரி போனதற்குச் சூரியனே முகத்தை மூடிக்கொண்டது பார்" என்றார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரவு ஹர்லியின் அணி 75-60 என்று ஜெயித்தது. அவர் கனெக்டிகட்டை விட்டு வரப்போவதில்லை என்பதும் தெளிவாகிவிட்டது. என் கணக்கு வாத்தியாரும் அலபாமாவிலேயே இருப்பதாக அறிவித்துவிட்டார். டோனவனுக்குத் தன் அணியின் ஆட்டங்கள் பாக்கி இருந்தன. மிச்சம் ட்ரூ. புதன்கிழமை முழுவதும் ட்ரூ வந்துவிட்டார், வீடு பார்க்கிறார் என்றெல்லாம் வதந்தி. வியாழக்கிழமை, ஏப்ரல் 11, ட்ரூவும் பேலரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று கடையிலிருந்து திரும்பும்போது பெரியவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். நானாக எதுவும் கேட்கவில்லை. அவராகவே டபி ஸ்மித் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டபி ஸ்மித் 1997இல் வந்தார். முதல் ஆண்டே சாம்பியன். கென்டக்கியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். ரப் காலத்தில் ஏறக்குறைய கடைசி வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரர் கூட அந்த அணியில் இல்லை. 1966 இறுதிப் போட்டியில் ஐந்து கறுப்பின இளைஞர்களைக் களத்தில் இறக்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் அணியிடம்தான் ரப் தோற்றார். அப்படிப்பட்ட இடத்திற்கு வந்து ஸ்மித் பத்து ஆண்டில் 263 ஆட்டங்கள் ஜெயித்தார், 83 தோற்றார். போதாது என்றார்கள். ஆண்டுக்குப் பத்து ஆட்டம் தோற்கிறார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2007இல் அவர் தாங்காமல் மின்னசோட்டா போய்விட்டார். அடுத்து வந்தவர் இரண்டே ஆண்டில் போனார்.

"பட்டப்பெயர் வைத்துக் கத்தியவர்களில் நானும் ஒருவன்" என்றார் பெரியவர். "தோற்றால் எல்லோரையும்தான் திட்டுவோம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். ஆனால் அவரைத் திட்டியதில் வேறொன்றும் கலந்திருந்தது. என் மனைவிக்கு அது தெரியும். அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இப்போது ஒருவனும் வர மாட்டேன் என்கிறான். நாம் எப்படிப்பட்டவர்கள் என்று வெளியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பிரின்சிபல்."

அன்றுவரை நான் அதை விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உண்மையில் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. யார் நல்ல பயிற்சியாளர் என்பதைவிட, நம்மிடம் வர ஒருவருக்கும் ஆசையில்லையா என்பதுதான் அவர்களை அரித்தது.

வியாழன் இரவே புதுப் பெயர் வந்துவிட்டது. மார்க் போப். யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். வெள்ளிக்கிழமை காலை கடையில் ஒரே கூச்சல். தலைமைப் பயிற்சியாளராக அவர் தேசியப் போட்டியில் ஒரு ஆட்டம் கூட ஜெயித்ததில்லை. அந்த மார்ச்சிலும் முதல் சுற்றிலேயே தோற்றவர். அவருக்கு இருந்த ஒரே தகுதி, 1996இல் பட்டம் வென்ற கென்டக்கி அணிக்குக் கேப்டன். ஆறடி பத்து அங்குல உயரம். பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சித் தொழிலுக்கு வந்தவர். "பாதி டாக்டர்" என்றார் விவசாயி.

முடிதிருத்துபவர் காபிக் கோப்பையை மேஜையில் தட்டி வைத்துவிட்டுச் சொன்னார்: "இவர்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?"

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் யாரோ கை வைத்தது போல இருந்தது. காரணம் சொல்கிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

1993இல் எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றார். தஞ்சை மாவட்டத்தில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளி அது. அவர் 22 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவர். தெருவில் அவர் சைக்கிள் மணி கேட்டால் பையன்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். அடுத்து வர வேண்டியவர் தமிழாசிரியர். தனக்கு ஓய்வு பெற ஒன்றரை ஆண்டுதான் இருக்கிறது என்று உரிமை விடல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அடுத்தவர் வரலாற்று ஆசிரியர். அவரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது நான்.

உத்தரவு வந்த அன்று மாலை பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். நான் வருவதைப் பார்க்காமல், பெஞ்சில் இருந்த ஒரு பழைய மாணவனின் அப்பா சொன்னார்: "வேற ஆளே கிடைக்கலையாம். அதான் கணக்கு வாத்தியாரைப் புடிச்சுப் போட்டிருக்காங்க." நான் டீ குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் முதல் நாள். யாரும் மாலை போடவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. பழைய தலைமை ஆசிரியரின் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு அறையில் நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்து, "எச்எம் சார், பிரேயருக்கு மணி அடிக்கலாங்களா?" என்றார். என்னை அப்படி முதலில் கூப்பிட்டவர் அவர்தான். அடிக்கச் சொன்னேன். அதோடு வேலை ஆரம்பித்தது.

14 ஆண்டு இருந்தேன். பெரிதாகச் சாதித்தேன் என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினேன். வகுப்புக்கு வராத ஆசிரியர்களை வர வைத்தேன். ஆனால் ஒவ்வொரு ஆண்டு தேர்வு முடிவு வரும்போதும் அந்த டீக்கடை வாக்கியம் காதில் ஒலிக்கும். என் மனைவியிடம் கூடச் சொன்னதில்லை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. 2007இல் நான் ஓய்வு பெற்றேன். எனக்கு அடுத்து வந்தவர் ஒரு அறிவியல் டீச்சர். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு பெண் தலைமை ஆசிரியர் ஆவது அதுதான் முதல் முறை. அதே டீக்கடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அடுத்து யார் என்று கேட்டார். சொன்னேன். சொல்லிவிட்டு, "வேற ஆளா கிடைக்கலை இவங்களுக்கு?" என்றும் சொன்னேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். 14 ஆண்டு என்னைக் குத்திய வாக்கியம் அது என்பது அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. 17 ஆண்டு கழித்து லெக்சிங்டனில் ஒரு முடிதிருத்துபவர் சொல்லிக் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. டபி ஸ்மித் பற்றிப் பெரியவர் சொன்ன "வேறொன்று" என்னிடமும் இருந்திருக்கிறது.

அந்த மேஜையில் நான் ஒன்றும் பேசவில்லை. ஓட்ஸ் கட்சி ஏன் மௌனம் என்று கிண்டல் செய்தார்கள். பெரியவர்தான் பேசினார். "பெரிய ஆட்கள் எல்லோருக்கும் இருக்க ஒரு இடம் இருந்தது. இந்தப் பையனுக்கும் இருந்தது. ஆனால் கேட்ட உடனே வருகிறேன் என்றான். அதற்கு ஒரு மதிப்பு இல்லையா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுக்கு 2 கோடியே 75 லட்சம் டாலர் கிடைத்தால் நானும்தான் வருவேன் என்று தபால்காரர் முணுமுணுத்தார். அதுவும் நியாயம்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு. ரப் அரீனாவில் புதுப் பயிற்சியாளரை அறிமுகம் செய்யும் நிகழ்ச்சி. ஆட்டம் கிடையாது. ஒரு மனிதர் வந்து பேசப் போகிறார், அவ்வளவுதான். பெரியவர் என்னையும் பேரனையும் கூட்டிப் போனார். வாசலில் வரிசை தெருவைச் சுற்றி நின்றது. வியாழக்கிழமை இரவு திட்டிய ஊர், ஞாயிற்றுக்கிழமை நீலச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறது. எங்களுக்கு மேலே, உச்சி வரிசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அரங்கம் நிறைந்துவிட்டது.

பழைய அணிகளின் ஆட்டக்காரர்கள் இறங்கி வந்தார்கள். தலை நரைத்தவர்கள், தொப்பை போட்டவர்கள். பிறகு போப் 1996 கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, சத்தம் அப்படி. புரிந்தது ஒன்றுதான். இந்த வேலை பெரிய வேலை என்பதால் வந்த ஆள் இல்லை, இந்த ஊர் மேல் ஆசைப்பட்டு வந்த ஆள் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. இருபதாயிரம் பேருக்கும் அது தெரிந்தது. முன் வரிசையில் எங்கோ முடிதிருத்துபவர் இருந்திருக்கிறார். மறுநாள் அவருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

பக்கத்தில் பெரியவர் கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறுவயதில் மலையில் ரேடியோவைக் கிணற்றடி வரை தூக்கிப் போய், காவுட் லெட்ஃபர்ட் வர்ணனையை அப்பாவோடு கேட்டதாகப் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனதில் அந்த அலுவலக உதவியாளர் மணி அடிக்கலாமா என்று கேட்ட குரல் ஓடியது. போப்புக்கு இருபதாயிரம் பேர் வந்தார்கள். எனக்கு ஒருவர் வந்தார். அந்த அறிவியல் டீச்சருக்கு யார் வந்தார்கள்? நான் போயிருக்க வேண்டும். உள்ளூரில்தான் இருந்தேன். போகவில்லை.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, அதாவது நம் ஊரில் திங்கள் காலை ஏழு மணிக்கு, அவருக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "டீச்சர், நீங்க எச்எம் ஆன அன்னைக்கு நான் டீக்கடையில ஒரு வார்த்தை சொன்னேன்..."

"தெரியும் சார்" என்றார். "அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். கடைக்காரரே வந்து சொல்லிட்டார்."

எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. 17 ஆண்டு. எத்தனை முறை பள்ளி விழாவுக்கு என்னை அழைத்து முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்.

"தப்பு டீச்சர். மன்னிச்சுடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீங்க சொன்னது பொய் இல்லையே சார். வேற ஆள் கிடைக்கலைங்கிறது நிஜம்தானே" என்றார். "ஆனா ஒண்ணு. மத்தவங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தாங்க. நான் எழுதிக் குடுக்கலை. நீங்களும் எழுதிக் குடுக்கலை. அவ்வளவுதான் சார் வித்தியாசம்."

அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. மூன்றாவது ஆள் என்றால் மிச்சம் மீதி என்றுதான் 30 ஆண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன். முடியும் என்று சொன்ன முதல் ஆள் என்றும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. போனை வைத்த பிறகு என் மனைவியிடம் முழுக் கதையும் சொன்னேன். "இதை எதுக்கு இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பாலைக் காய்ச்சப் போய்விட்டாள்.

மே மாதம் ஊர் திரும்பினோம். பெரியவர் அவ்வப்போது மாப்பிள்ளை மூலம் செய்தி அனுப்புவார். போப்புக்குப் பழைய அணியின் முக்கிய ஆட்டக்காரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் மாணவர்கள் கல்லூரி மாறுவது சுலபம், பணமும் கிடைக்கிறது. அவர் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு முதல் ஆண்டே தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளுக்குள் வந்தார். கென்டக்கிக்கு 2019க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பட்டம் வாங்குவாரா, பத்து ஆட்டம் தோற்றால் இவருக்கும் பட்டப்பெயர் வைப்பார்களா என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். வைப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

2025 பிப்ரவரி 1ஆம் தேதி கலிப்பாரி ஆர்கன்சா அணியோடு ரப் அரீனாவுக்கு வந்தார். அரங்கத்தில் கூச்சலிட்டு அவரைக் கேலி செய்தார்கள். பெரியவர் டிக்கெட் வாங்கிப் போயிருந்தார். மாப்பிள்ளை அனுப்பிய செய்தியில் இப்படி இருந்தது: "நான் எழுந்து நின்று கைதட்டினேன் என்று பிரின்சிபலிடம் சொல். டபிக்குத் தட்டாத கை. பிறகு அந்த ஆள் எங்களை 89-79 என்று தோற்கடித்தார். அதற்குத் தட்டவில்லை என்றும் சொல்."

நேற்று எங்கள் பள்ளிப் பக்கம் போனேன். மறுபடியும் தலைமை ஆசிரியர் மாறுகிறாராம். டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர், "யாரு சார் வரப்போறாங்க?" என்று கேட்டார்.

"யார் வர்றேன்னு சொல்றாங்களோ அவங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு டீ சொன்னேன்.